கடைசித் துண்டு மீன்

எங்கள் இலோய்லோ ஊர்க்காரர்கள் திட்டினால்கூடத் தாலாட்டுப் பாடுவதுபோல் இருக்கும் என்பார்கள். எனக்கு அந்த வரம் கிடைக்கவில்லை. நான் வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால்தானோ என்னவோ, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு நான் நடத்தும் ஜிம்மில் யாரும் சோம்பி உட்காருவதில்லை. பால் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி இரும்புக் குழாய் செருகிய எடைகள்தான் இங்கே. சதை வளர அது போதும்.

பிப்ரவரியில் ஒருநாள் தையல்காரர் மனோங் அன்செல் வந்து வாசலில் நின்றார். மூத்தவர்களை மனோங், மனாங் என்றுதான் கூப்பிடுவோம், அண்ணன், அக்கா என்பதுபோல. அறுபதை நெருங்கும் வயது, ஐம்பது கிலோ எடை. பள்ளிச் சீருடை தைத்துத் தைத்து முதுகு வளைந்துபோன மனிதர். யாருக்காக இந்த வயதில் அழகு பண்ணிக்கொள்கிறீர்கள் என்று பையன்கள் கேலி செய்தார்கள். அவரும் கூடவே சிரித்தார். அவர்கள் போன பிறகுதான் என்னிடம் விஷயத்தைச் சொன்னார்.

அவர் மனைவி மனாங் பூரிங்குக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. முதல் மாதத்தில் இவர் அவளைத் தூக்கப்போய், இரண்டு பேரும் குளியலறை வாசலில் விழுந்தார்கள். அன்றிலிருந்து இவரைத் தூக்க விடமாட்டாள். எதற்கும் அண்ணன் மகன்கள்தான் வர வேண்டும். ஜூனில் சான் ஹுவான் திருநாள். அன்றைக்கு ஊரே கடலில் இறங்கும். சிறுவயதிலிருந்து ஒரு வருடமும் தவறாமல் முங்கி எழுந்தவள், போன வருடம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தாளாம்.

"இந்த வருஷம் நானே அவளத் தூக்கிட்டுக் கடற்கரைப் படி இறங்கணும், இந்தாய், தங்கச்சி. அவகிட்ட சொல்லிடாத. என்னால முடியலன்னா, அவ இன்னொரு தடவ ஏமாந்து போகக் கூடாது."

 முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள் என்று அதட்டினேன்.

எடை தூக்கினால் மட்டும் சதை வளராது, தட்டிலும் இருக்க வேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டேன். புரதம் என்பது உடம்பு எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேலே. அவர் எடைக்கு நாளொன்றுக்கு எண்பது கிராம். முட்டை ஒன்றில் ஆறு, உள்ளங்கை அகல மீனில் இருபதுக்கு மேல், ஒரு கிண்ணம் பாசிப்பயற்றுக் குழம்பில் பதினான்கு. எல்லாவற்றையும் ஒரே வேளையில் அடைத்துக்கொள்ளாமல் மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிட வேண்டும். தலையைத் தலையை ஆட்டினார்.

ஏப்ரல் முடிந்தது. ஒரு நாள்கூட அவர் மட்டம் போடவில்லை. ஆனால் எடைமெஷினில் முள் ஏறுவதற்குப் பதில் இறங்கியிருந்தது. சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், மீன் இல்லாத வேளையே கிடையாது என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால்தான் எனக்குக் குழம்பியது. ஒரு மத்தியானம், கேட்காமல் கொள்ளாமல் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மீன் இருந்தது உண்மைதான். தலையும் வாலும் அவர் தட்டில், நடுச்சதை முழுவதும் மனாங் பூரிங்குக்கு. தலைதான் தனக்குப் பிடிக்கும் என்றார். முள்ளை உறிஞ்சி உறிஞ்சி, மலைபோல் சோற்றை உள்ளே தள்ளினார். மனாங்கும் பாதிக்கு மேல் தொடவில்லை. வயிறு நிறைந்துவிட்டது என்று நல்ல துண்டாக ஒன்றைப் பொதுத்தட்டில் திருப்பி வைத்தாள். அந்தத் துண்டை இரண்டு பேரும் தொடவில்லை. எங்கள் ஊரில் கடைசித் துண்டுக்கு வெட்கத் துண்டு என்று பெயர். அதை எடுப்பவன் மானங்கெட்டவன். இவர் அவளுக்கென்று விட, அவள் இவருக்கென்று விட, கடைசியில் அது நாய்க்குப் போனது. அந்த வீட்டில் சதை போட்டிருந்தது நாய் மட்டும்தான்.

என் வாய் சும்மா இருக்குமா? அவர் கண்ணால் கெஞ்சியதையும் மீறிப் போட்டு உடைத்துவிட்டேன். எதற்காக ஜிம்முக்கு வருகிறார், எந்தப் படி, எந்தக் கடல், எல்லாவற்றையும்.

 மனாங் பூரிங் அவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "தினமும் சாயங்காலம் நீ கிளம்பறப்ப, இந்த வீட்ட விட்டுத் தப்பிச்சுப் போறியோன்னு நெனச்சேன். போகட்டும், பாவம்னு விட்டுட்டேன்."

மனோங் அன்செல் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். 

"நாளைலேந்து மீன நான்தான் பங்கு வைப்பேன்" என்றாள். "இந்த வீட்ல இனிமே வெட்கமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"நீயும் தின்னணும், பங்கா" என்று செல்லமாகக் கூப்பிட்டுச் சொன்னார் அவர். படுத்தே கிடக்கும் உடம்புக்கும் சதை கரையும், அவளுக்கும் புரதம் வேண்டும் என்று நானும் சேர்ந்துகொண்டேன். மறுநாள் முதல் இடது கையால் அவளே மீனைச் சரிபாதியாகப் பிளந்தாள். காலையில் முட்டை, இரவில் முருங்கைக் கீரை போட்ட பயற்றுக் குழம்பு. நான் அரைக் கிலோ டப்பா ஒன்றைக் கொடுத்தேன். அதைக் கட்டிலில் இருந்தபடியே நல்ல காலில் கட்டித் தூக்கிப் பழகினாள். ஜூன் வந்தபோது அவருக்கு இரண்டு கிலோ கூடியிருந்தது. தோள் கொஞ்சம் திரண்டிருந்தது. பையன்கள் கேலியை நிறுத்திவிட்டார்கள்.

சான் ஹுவான் அன்று சக்கர நாற்காலி கடற்கரைப் படி வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே பாறைப் படிகள், பாசி வேறு. மனோங் அன்செல் குனிந்து அவளை அள்ளினார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். பாதிப் படியில் அவருக்குத் தொடை நடுங்கியது. அண்ணன் மகன்கள் ஓடி வந்தார்கள். மனாங் பூரிங் அவர்களை ஒரு பார்வை பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு தன் இடது காலைப் படியில் ஊன்றி, அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்குப் பிறகு நிற்கிறாள். அவருக்கு மூச்சு சீராகும் வரை அப்படியே நின்றாள். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு ஒன்றும் கூச்சமில்லை.

மறுபடி தூக்கினார். இறங்கினார். தண்ணீர் முழங்காலைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது, அவள் புடைத்த பூப்போட்ட சட்டையோடு மிதந்தாள்.

"இப்ப விடலாம் அன்செல்" என்றாள். "தண்ணியே தாங்குது. கை வலிக்கும்."

"வலிக்கட்டும்" என்றார் அவர். "இதுக்குத்தானே இவ்ளோ தின்னேன்."