எக்காளம் ஊதும்போது ஹார்லனை யார் எழுப்புவது

என் தம்பி ஹார்லன் செத்து ஆறு வருஷமாகிறது. அவன் மனைவி வெர்லா இன்னும் சாகவில்லை. ஆனால் அவள் பெயரையும் அவன் கல்லறைக் கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டோம். எங்கள் நெப்ராஸ்கா பக்கத்தில் இதுதான் வழக்கம். ஒரே கல், இரண்டு பெயர், உயிரோடு இருப்பவருக்கு இறந்த தேதி மட்டும் காலி. அடியில் ‘நித்திய காலமும் ஒன்றாக’ என்று போடச் சொன்னது நான்தான்.

அப்படியிருக்க, இந்த வசந்தத்தில் கிளிஃபர்ட் வெர்லாவிடம் வந்து, கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறான். என்னோடு ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் வந்தவன், இப்போது சபையில் காணிக்கைத் தட்டு எடுப்பவன். அவன் பெயரும் சும்மா இல்லை. அடுத்த வரிசையில், செத்துப்போன டோனாவின் பெயருக்குப் பக்கத்தில் கல்லில் ஏறியாயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இம்மைக்காக வாழாதே, நித்தியத்துக்காக வாழு என்று ஞாயிறுதோறும் பாஸ்டர் தொண்டை கிழியக் கத்துகிறார். இந்த இரண்டும் கிழவயதில் சீட்டாட ஜோடி தேடுகின்றன.

வெர்லா முடிவை என் தலையில் கட்டினாள். “அக்கா, நீங்க சரின்னா சரி. வேண்டாம்னா ஆறுதலுக்கு ஒரு ஆப்பிள் பை பலகாரம் சுட்டுக் குடுத்து அவர அனுப்பிடறேன்.”

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை ஊரே கல்லறைக்குப் பூ கொண்டுபோகும். நாங்களும் காப்பித் தகர டப்பாவில் பியோனிப் பூக்களைச் செருகி எடுத்துப் போனோம். வேண்டாம் என்று அங்கேயே, ஹார்லன் முன்னாலேயே சொல்லிவிடுவதாக இருந்தேன். டோனாவுக்குப் பூ வைத்துவிட்டு கிளிஃபர்டும் எங்களிடம் வந்தான்.

வெர்லா கல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “நான் செத்தா எங்க கிடப்பேன், கிளிஃபர்ட்?”

“இங்கதான், ஹார்லன் பக்கத்துல. நான் டோனா பக்கத்துல. அதுல மாத்தமே இல்ல.”

“அப்புறம் எதுக்குடா கல்யாணம்?” என்று நான் நடுவில் புகுந்தேன்.

“அதுவரைக்கும் சாப்பிட வேண்டாமா, ஆர்லீன்? இப்ப தினம் ராத்திரி ஒரு முட்டைய உடைச்சு ஊத்தி, அடுப்பு பக்கத்துல நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போறேன்.”

“நித்தியம்னா உனக்கு அவ்வளவு இளக்காரமா?”

“நித்தியத்தக் கர்த்தர் பாத்துக்குறாரு. என்கிட்ட அவரு ஒத்தாசை கேக்கல. என் கையில குடுத்தது நாளைக்கு வர்ற வெறும் செவ்வாய்க்கிழமையத்தான். அதுதான் நகரவே மாட்டேங்குது.”

ஹார்லன் போனதிலிருந்து என் ராத்திரிச் சாப்பாடு வெர்லாவோடுதான். அவளும் போய்விட்டால் அடுப்படியில் நின்று தின்னப் போவது நான். தம்பி பெயரைச் சொல்லி நான் கட்டிக் காத்தது என் சாப்பாட்டு மேஜையைத்தான்.

“சாப்பாடு கிடக்கட்டும்,” என்றாள் வெர்லா. “செத்தவங்க எழுந்திரிக்க எக்காளம் ஊதுற அன்னைக்கு என்ன பண்றது? ஹார்லன் இடி விழுந்தாலும் புரண்டு படுக்குற மனுஷன். இத்தனை வருஷம் நான்தான் உலுக்கி எழுப்பினேன். எழுந்ததும் நான் பாட்டுக்கு, கிளிஃபர்ட், உங்களத் தேடிப் போயிட்டேன்னா, இவரு தூங்கிக்கிட்டே இருப்பாரு. பரலோகத்துல கதவச் சாத்திருவாங்க.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் சிவந்திருந்தது.

கிளிஃபர்டும் தலையாட்டினான். “எனக்கும் வேலை இருக்கு. டோனாவுக்கு மூக்குக் கண்ணாடி தேடிக் குடுக்கணும். அது இல்லாட்டி கர்த்தரையே பாஸ்டர்னு நெனச்சு, பிரசங்கத்தைச் சுருக்கச் சொல்லுவா.”

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். பிறகு ஹார்லனின் மறுபக்கத்தைப் பார்த்தேன். அது எனக்கு வாங்கிப் போட்ட இடம். அங்கே நட்ட கல்லில் ஒரே பெயர்தான், என் பெயர். கட்டிக்கொள்கிறாயா என்று என்னை யாரும் கேட்கவும் இல்லை, நான் யாரையும் தேடிப் போக வேண்டியதும் இல்லை.

“ஹார்லன நான் எழுப்பிக்கறேன்,” என்றேன். “பள்ளிக்கூடத்துக்கு அவன எழுப்பினதே நான்தான். தண்ணி ஊத்தினா எழுந்திரிப்பான். நீ போ, வெர்லா. ஆனா செவ்வாய்க்கிழமையானா ரெண்டு பேரும் எங்க வீட்லதான் சாப்பிடணும்.”

வெர்லா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். என்ன செய்வதென்று தெரியாத கிளிஃபர்ட், எங்கள் டப்பாவிலிருந்தே ஒரு பூவை உருவி அவளிடம் நீட்டினான். அது ஹார்லனுக்கு வைத்த பூ. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவன்தான் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறானே.