பழக்கின சட்டி

டெம்போவிலிருந்து நான்காவது சட்டியை இறக்கியபோது மதுரைவீரனுக்கு மூச்சு வாங்கியது. ஆளுக்கு ஒரு காதைப் பிடித்து அவரும் ராணியுமாக அதை ஷெட் வாசலில் கவிழ்த்தார்கள். இரும்புச் சட்டி விழுந்தால் ணங்கென்று கேட்க வேண்டும். இது மணல் மூட்டை விழுந்த மாதிரி தொம்மென்று அடங்கிப்போனது.

"இன்னாண்ணே, இம்மாங்கனம் கனக்குது?" என்றாள் ராணி.

"பழைய வார்ப்பும்மா. அப்டித்தான் இருக்கும்."

மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டியிருந்தது எத்திராஜின் ஷெட். மூடிப்போன கையேந்தி பவன்களின் தோசைக்கல், கல்யாணச் சமையல்காரர்கள் கழித்துவிட்ட கடாய், ரிசார்ட் தோட்டங்களில் மழையில் கிடந்த கறி சுடும் அடுப்பு என்று துருவேறிய சாமான்கள் எங்கிருந்தெல்லாமோ அங்கே வந்து சேரும். மதுரைவீரன் கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டித் துருவை எடுப்பார். அதற்கு மேல் ராணியின் வேலை. புளி போட்டுத் தேய்த்து, கஞ்சித் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, விறகு அடுப்பில் ஏற்றி, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்த்துப் பழக்குவாள். அவள் கையில் பழகின கல்லில் முதல் தோசையே ஒட்டாமல் எழும்பும். குமணன்சாவடிப் பக்கத்து அபார்ட்மென்ட்களிலிருந்து காரில் வந்து வாங்கிப் போகிறவர்கள், கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு அவளிடம்தான் சந்தேகம் கேட்பார்கள்.

இந்த நான்கு சட்டிகளும் வேறு ஆளுக்கு. காட்டுப்பாக்கத்தில் அடுக்குமாடி கட்டும் இடத்தில் வடநாட்டு ஆட்கள் முந்நூறு பேருக்குச் சமைக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் தரவேண்டும் என்று எத்திராஜ் சொல்லியிருந்தார்.

ராணி முதல் சட்டியை நிமிர்த்தி உள்ளே பார்த்தாள். சமைத்த சட்டியென்றால் ஓரத்தில் எண்ணெய்க் கசடு கறுப்பாகப் படிந்திருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. துருவுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ தடிப்பாக ஒட்டியிருந்தது. அரிவாளின் முனையால் கீறினாள். வெண்ணெயில் இறங்குவதுபோல் முனை இறங்கியது. கீறிய இடம் வெள்ளிபோல மின்னியது. சுருண்டு வந்த துணுக்கை விரலில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு பாலித்தீன் கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டில் அவள் கணவன் குணசேகரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய இரண்டு கைகளும் மணிக்கட்டுக்குக் கீழே துவண்டு மடியில் கிடந்தன. பழைய பேட்டரி உடைத்து உருக்கும் ஷெட்டில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். முதலில் வயிற்று வலி வந்தது. அப்புறம் ஈறில் நீலமாக ஒரு கோடு. கடைசியில் சட்டைப் பொத்தானைக்கூட ராணிதான் போட்டுவிட வேண்டும் என்றாகியது.

அவள் துணுக்கை எடுத்துக் காட்டினாள். அவன் தொட முயலவில்லை.

"அந்தக் காலண்டர் தாள்ல இழு பாப்போம்," என்றான்.

இழுத்தாள். பென்சிலில் இழுத்ததுபோல் சாம்பல் கோடு விழுந்தது.

"பேட்டரி ஈயம்," என்றான் குணசேகரன். "எங்க கெடச்சிது இது?"

"ஷெட்டுக்கு நாலு சட்டி வந்துக்கீது. சோறாக்கறதுக்குப் பழக்கித் தரணுமாம்."

"ஒண்ணுல காது ஒடைஞ்சி முறுக்குக் கம்பி வெச்சி வெல்டு அடிச்சிருக்குமே?"

"ஆமா."

"நான் அடிச்ச வெல்டு. ஆபீசருங்க வந்து எங்க ஷெட்டுக்கு சீல் வெச்சப்ப ஓனரு ராவோட ராவா சட்டிங்கள கெளப்பிட்டான்." அவன் தலையைத் தூக்கினான். "அத நெருப்புல ஏத்திட்டாங்களா?"

"நாளைக்கி ஏத்துவாங்க."

"நீ கிட்ட போவாத. மொதல்ல வாய் இனிக்கும். மாத்திர துன்ன மாதிரி ஒரு இனிப்பு. ஒண்ணும் தெரியாது. அப்றம்தான் எல்லாம்."

மறுநாள் அவள் ஷெட்டுக்குப் போகும்போதே கிரைண்டர் சத்தம் தெருமுனைவரை கேட்டது. மதுரைவீரன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு சட்டிக்குள் குனிந்திருந்தார். அவருடைய புருவத்திலும் முன்கை மயிரிலும் சாம்பல் தூள் படிந்திருந்தது. ராணி நேராக எத்திராஜிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் செல்போனைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"நல்லா காய்ச்சி எடுத்தா எல்லாம் உருகி ஓடிரும் ராணி."

"ஓடாது மொதலாளி. எங்க ஊட்டுக்காரு அதுலயே கெடந்தவரு. இரும்புல ஊறிக்கினு நிக்குமாம். இதுல சமைச்சித் துன்னா வயித்துல போவும்."

"உன் ஊட்டுக்காரு இன்னா டாக்டரா?"

"டாக்டரு சொன்னதத்தான் சொல்றேன்."

"உனுக்கு இஷ்டம் இல்லன்னா விடு. நீ தோசக்கல்லப் பாரு. வீரன் பாத்துப்பாரு."

அவள் மதுரைவீரனிடம் வந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டு அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு துண்டை இறுக்கிக் கட்டினார்.

"அறுவது வயசுல என்ன எவன்மா வேலைக்கி வெப்பான்? ரெண்டு நாள் சோலி. முடிச்சிட்டுப் போயிடறேன்."

அன்று மதியம் விறகை அடுக்கிச் சட்டிகளைக் கவிழ்த்துப் போட்டுக் கொளுத்தினார்கள். புகை முதலில் வெள்ளையாக எழுந்தது. பிறகு மஞ்சளாகத் தரையோடு தவழ்ந்து வந்தது. ராணி தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தாள். அணைந்த சாம்பலில் அங்கங்கே வெள்ளை மணிகள் உறைந்து கிடந்தன. எத்திராஜ் வந்து அவற்றைக் காட்டி, "பாத்தியா, ஓடிப்போச்சி," என்றார்.

மறுநாள் டீ வந்தபோது மதுரைவீரன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி.

"இன்னாம்மா, சக்கர போட்டு வாங்கியாந்துட்டியா?"

"இல்லண்ணே. உனுக்குத் தனியா சொல்லித்தான் வாங்கினேன்."

அவர் இன்னொரு வாய் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். ராணி அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஒரு சொட்டு உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். கசந்தது. டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை கௌதம் என்கிற சூப்பர்வைசர் வண்டியோடு வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். தேனிப் பக்கத்துக்காரன். ஆட்களுக்குச் சாப்பாடு போடுவது அவன் பொறுப்பு. மதுரைவீரன் எண்ணெய் தேய்த்துப் பழக்கின நான்கு சட்டிகளும் கன்னங்கரேலென்று பளபளத்தன. முகம் பார்க்கலாம் போலிருந்தது. எத்திராஜ் உள்ளே ரசீது எடுக்கப் போன நேரத்தில் ராணி அவனருகே போனாள்.

"சார், இது சமைக்கற சட்டி இல்ல. பேட்டரி ஈயம் உருக்கின சட்டி. துன்றவங்களுக்கு ஆவாது சார். சின்ன புள்ளைங்க இருந்தா இன்னும் மோசம்."

கௌதமின் முகம் மாறியது. "நெசமாவா சொல்றீங்க?"

அவள் காலண்டர் தாளை எடுத்துக் காட்டினாள். தன் கணவனின் கையைப் பற்றிச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். "நல்ல வேளை சொன்னீங்கக்கா," என்றான். ராணிக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல இருந்தது.

அவன் எத்திராஜின் தோளில் கைபோட்டு ஷெட்டின் மூலைக்கு அழைத்துப் போனான். இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். எத்திராஜ் ஒரு தடவை திரும்பி ராணியைப் பார்த்தார். கடைசியில் கௌதம், "அப்ப பாதி வெலைக்கே போட்டுக்கங்க. மூணு மாசத்துல சைட்டு முடிஞ்சிரும். அப்புறம் அவங்க எங்கயோ நாம எங்கயோ," என்று சொன்னது அவளுக்குக் கேட்டது. சட்டிகள் ஒவ்வொன்றாக வண்டியில் ஏறின.

வண்டி போனதும் எத்திராஜ் சத்தம் போடவில்லை. "திங்கக்கெழமலேர்ந்து வராத ராணி," என்றார். மதுரைவீரன் சுவர்ப் பக்கம் திரும்பி, வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு பிரஷ்ஷைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ராணி இரண்டு பஸ் மாறிக் காட்டுப்பாக்கம் போனாள். கட்டடத்தின் பின்னால் தகர வீடுகள் வரிசையாக இருந்தன. வெட்டவெளியில் செங்கல் அடுப்புகள். முறுக்குக் கம்பிக் காது வைத்த சட்டியில் கிச்சடி கொதித்துக்கொண்டிருந்தது. ஆண்களும் பெண்களும் தட்டோடு குந்தியிருந்தார்கள். எடுத்துச் சொல்லத் தமிழ் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை.

"இதுல துன்னாதீங்க," என்றாள் அவள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள். சட்டியைக் காட்டிக் கையை ஆட்டினாள். புரியவில்லை. தன் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைச் சுளித்து, குனிந்து காட்டினாள்.

ஒரு பெண்ணின் முகம் இளகியது. பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். இருவரும் நகர்ந்து ராணிக்கு இடம் விட்டார்கள். அந்தப் பெண் தன் தட்டைக் கழுவி, நிறையக் கிச்சடி வாங்கி வந்து அவள் கையில் வைத்தாள்.

"கானா கா லோ, தீதி," என்று சாப்பிடச் சொல்லிக் கைகாட்டினாள்.

தட்டு சுட்டது. அதைக் கீழே வைக்கவும் ராணிக்கு மனம் வரவில்லை. சமையல்காரன் நீளக் கரண்டியை விட்டு அடிச்சட்டியைக் கரகரவென்று சுரண்டத் தொடங்கினான். அடிப்பிடித்த காந்தலுக்காகக் குழந்தைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.