தண்டர் பே வரை ஒரே டிக்கெட்

1

இந்தக் கதை திருடியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிந்துலையிலிருந்து தலவாக்கலை போகும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த ஜெயந்தினி சொன்னது. இப்போது தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். அதற்கு முன் பதினோரு வருடம் வளைகுடாவில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தார். அந்தக் குடும்பம் லண்டன் போகும்போதெல்லாம் இவரும் போனார். பறந்த தூரமெல்லாம், அந்த வீட்டு மேடம் விமானக் கம்பெனியில் திறந்து கொடுத்த கணக்கில், இவர் பெயரில் இலவச டிக்கெட்டுக்கான மைல்களாகச் சேர்ந்தது.

மகள் நிஷாந்தி (என்னிடம் கணக்குப் படித்தவள்) கனடாவில், தண்டர் பே என்ற ஊரில், தலைப்பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் வேண்டும் என்றாள். விசா வந்துவிட்டது. காசு கொடுத்து டிக்கெட் வாங்க வழியில்லை. மைல் இருந்தது, ஆனால் வழியில் மாறி ஏறவேண்டிய மூன்று விமானத்தையும் ஒரே டிக்கெட்டாகப் போட்டால் மட்டுமே அது போதும்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: “மூடுபனி தேயிலை மலைகளைத் தழுவிக் கிடந்த அந்த”

(போதும். பனியை வைத்தே இத்தனை காலம் தள்ளிவிட்டோம்.)

இரண்டாவது: “ஜெயந்தினி அழுதாள்.”

இது எனக்குப் பிடித்திருந்தது. என் கதையில் ஒரு தோட்டத்துப் பெண் அழாமல் நான் பக்கம் திருப்பியதே இல்லை.

3

மூன்றாவதில் நஜீம் நானாவை வைத்தேன். தலவாக்கலையில் விமான டிக்கெட் போடும் கடைக்காரர், ஊருக்கே நானா, அதாவது அண்ணன். உண்மையில் அவர் சொன்னது இவ்வளவுதான்:

“கொழும்புலேந்து தண்டர் பேக்கு எந்தத் திகதியிலயும் காட்டுதில்ல தங்கச்சி.”

என் பிரதியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்து ஜெயந்தினியைக் காப்பாற்றினார். இவர் அவர் முன்னால் கண்கலங்கினார். எழுதியதை ஜெயந்தினிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது:

“ஏன் சேர், நீங்க எழுதுனா மட்டும் நாங்க எங்கயும் சொந்தமா போய்ச் சேர மாட்டோமா?”

கிழித்துவிட்டேன்.

4

நடந்தது இது, ஜெயந்தினி சொன்னபடி.

“கொழுந்து எடுக்குற மாதிரிதாங்க சேர். மொத்த மலையையும் பாத்தா தல சுத்தும். ஒவ்வொரு நெரையா பாக்கணும். மூலையில ஒரு குட்டி நெரை கெடக்கும், எல்லாரும் விட்டுட்டுப் போயிருவாங்க. நான் அதுலதான் மொதல்ல கைய வப்பேன்.”

அவர் சொன்ன மூலை நிரை (எல்லாரும் விட்டுப்போகும் செடி வரிசை) என்பது இங்கே டொரொன்டோவிலிருந்து தண்டர் பே போகும் உள்ளூர் விமானம். தினமும் பெரட்டுக்கு* முன், காலை ஐந்தரைக்கு, சிக்னல் கிடைக்கும் பீலியடியில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில், நின்று போனில் அந்தத் துண்டை மட்டும் தேடினார். பத்தொன்பதாம் நாள் மைலுக்கு ஒரு இடம் விழுந்தது. அங்கிருந்து பின்னோக்கி வந்தார்: வளைகுடாவிலிருந்து டொரொன்டோ, கொழும்பிலிருந்து வளைகுடா. இரண்டிலும் இடம் இருந்தது.

* காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். மலைநாட்டு வாசகர்கள் மன்னிக்கவும்.

5

நானாவின் கடையிலிருந்து வளைகுடா விமானக் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். அந்தப் பக்கத்துப் பையன் “இல்லை, முடியாது” என்று இங்கிலீஷில் சொன்னான். ஜெயந்தினி போனை வாங்கினார். பதினோரு வருடத்து அரபியில் மூன்று விமானத்தின் எண்களையும் திகதியோடு வாசித்தார். “ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க மகனே” என்று அதே அரபியில் சொன்னாராம். பையன் தட்டிப் பார்த்தான். பிறகு, டிக்கெட் போட பாஸ்போட் எண்ணைக் கேட்டான்.

“அல்லாஹ்வே,” என்றார் நானா. “இனி நீங்க இங்க உக்காருங்க, நான் கொழுந்து எடுக்கப் போறேன்.”

எனக்கு அந்தக் கடையில் நின்று கை தட்ட வேண்டும் போலிருந்தது. (நான் அங்கே இல்லை. இருந்ததாக எழுதிய பத்தியை நீக்கிவிட்டேன்.)

6

முடிவு அ: டொரொன்டோவில் இணைப்பு விமானம் தவறிப்போக, அந்நிய ஊரில் தனியாக அவர்

(திருந்தமாட்டேன் போலிருக்கிறது.)

முடிவு ஆ: பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னதாகவே அவர் இறங்கினார். இது உண்மை. “எறங்கிட்டேன் சேர்” என்று எழுதியிருந்தார்.

நேற்று அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பதினோரு நொடி. முதல் இரண்டு நொடியும் அழுகை. யாரும் அழாத கதை என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் இது அன்று காலை பிறந்த ஒரு ஆளின் அழுகை. நல்ல கனத்த குரல்.

எழுதுவதை அதோடு நிறுத்திவிட்டேன். மீதி ஒன்பது நொடியில் ஜெயந்தினி என்ன சொன்னார் என்பதை நான் எழுதினால் கெடுத்துவிடுவேன். நீங்கள் எழுதுங்கள். ஒரே நிபந்தனை: அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.