மெலியிற தேத்தண்ணி

ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தீட்டிவிட்டு வாய் கொப்பளித்தபோது சிவகௌரியின் வாயின் இடது ஓரத்தால் தண்ணீர் ஒழுகியது. அந்த நாட்டில் ஜூலை குளிர்காலம் என்பதால், உதடு விறைத்துவிட்டது என்று முதலில் நினைத்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தின் இடது பாதி இறங்கியிருந்தது. கண்களை மூடிப் பார்த்தாள். வலது கண் மூடியது. இடது கண் திறந்தபடியே நின்றது.

கணவன் பிரஷாந்தன் டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். அன்று அவனுக்குப் பின்னேர வேலை என்பதால் வீட்டில் இருந்தான். அவளைக் கண்டதும் பாரிசவாதம் என்று பயந்து அம்புலன்ஸை அழைத்தான். அவசரப் பிரிவில் இருந்த இளம் டொக்டர் அவளைப் புருவங்களை உயர்த்தச் சொன்னார். நெற்றியின் இடப்பக்கம் அசையவில்லை. அதைப் பார்த்த பிறகு அவருடைய குரல் இளகியது. பாரிசவாதம் என்றால் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும், இது முகத்துக்கு வரும் நரம்பில் ஏற்பட்ட வீக்கம் என்றார். பத்து நாளுக்கு மாத்திரையும், கண் காயாமல் இருக்கத் துளி மருந்தும், படுக்கும்போது இமையை ஒட்டிவைக்க ஒரு நாடாவும் கொடுத்தார். அநேகமானவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடுமாம். ஏன் வந்தது என்று சிவகௌரி கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது, ஏதாவது வைரஸாக இருக்கலாம் என்றார்.

அவளுக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. படகில் வந்து, சில காலம் முகாமில் இருந்து, பிறகு கோழி இறைச்சி பொதி செய்யும் இடத்தில் வேலைக்கு நின்று, ஒரு சான்றிதழ் வகுப்பை முடித்து, மல்கிரேவில் தாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜை அழகு நிலையமாக மாற்றியவள். நூலால் புருவம் எடுப்பாள், முகத்துக்குப் பூச்சுப் போடுவாள், கல்யாணப் பெண்களை அலங்கரிப்பாள். ஒன்பது வருடங்களாக அந்த வட்டாரத்துத் தமிழ்ப் பெண்கள் அவளிடம் வந்தார்கள். சுவரோரம் சாமான்கள் அடுக்கும் ஒரு தட்டு இருந்தது. அதில் கிறீம்கள், எண்ணெய்கள், கடந்த ஒரு வருடமாகப் பச்சைநிறப் பெட்டிகளில் ஒரு சீன மூலிகைத் தேயிலை. சிட்னியில் பரமட்டா பக்கம் இருந்த பத்மா என்பவள் அதைத் தபாலில் அனுப்புவாள். வாங்கியவர்கள் அதை மெலியிற தேத்தண்ணி என்றார்கள். குடித்தவர்கள் உண்மையிலேயே மெலிந்தார்கள்.

இப்போது கதிரையில் வந்து சாய்ந்தவர்கள் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்கள். சிலர் அடுத்த கிழமை வருவதாகச் சொல்லி வரவில்லை. அவள் நேரம் கிடைத்தபோதெல்லாம் கண்ணாடியின் முன் நின்று கன்னத்தை இழுத்தும் உதட்டைப் பிதுக்கியும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது கிழமை, பக்கத்து வீட்டு மலேசியப் பெண் சொல்லிக் கிளேட்டனில் ஒரு சீன வைத்தியரிடம் போனாள். பழக்கடை ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறைகள். வைத்தியரின் பெயர் லியாங். அறுபது வயதிருக்கும், மெலிந்த உயரமான பெண். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம் மட்டும்தான், அதையும் இருவரும் நிதானமாகவே பேசினார்கள். லியாங் முதலில் ஆஸ்பத்திரிக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மாத்திரையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது என்றார். ஊசி வைத்தால் சிலருக்கு உதவுகிறது, எல்லோருக்கும் அல்ல, தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். பிறகு நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்து நெடுநேரம் நாடி பார்த்தார். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள் சிவகௌரி.

ஊசிகள் நோகவில்லை. நொந்தது சும்மா படுத்திருப்பதுதான். ஒன்பது வருடங்களாக மற்றவர்கள் படுத்திருக்க அவள் நின்றிருக்கிறாள். முகத்திலும் கையிலும் காலிலும் ஊசிகளோடு அரை மணி நேரம் கூரையைப் பார்த்துக் கிடப்பது அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது. லியாங் அவளுடைய கையை எடுத்து அடிவயிற்றின் மேல் வைத்து, மூச்சு அங்கே வருகிறதா என்று கேட்டார். வரவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் தான் கடித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் கண்ணாடியின் முன் முகத்தை இழுப்பதை லியாங் நிறுத்தச் சொன்னார். வலுக்கட்டாயமாக இழுத்தால் நரம்பு திரும்பி வரும்போது பிழையான இடத்துக்குப் போகக்கூடும் என்றார். ஒரு நாளைக்கு இரண்டு தரம், ஐந்து நிமிடம், உதட்டின் ஓரத்தை ஒரு நூல் அளவு அசைக்க நினைத்தால் போதும். அசைய வேண்டியதுகூட இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் பயிற்சி. சிவகௌரிக்கு இதில் நம்பிக்கை இருக்கவில்லை. ஆனாலும் செய்தாள்.

கிழமைக்கு இரண்டு தரமாக மூன்று கிழமைகள் போனாள். கன்னத்தில் எறும்பு ஊர்வது போன்ற ஓர் உணர்வு வரத் தொடங்கியது. ஆறாவது தரம் நாடி பார்த்துக்கொண்டிருந்தபோது லியாங் விரல்களை எடுக்கவில்லை. நாடி வேகமாக இருக்கிறது, நாக்கு வறண்டு கிடக்கிறது, வயிறு எப்படிப் போகிறது என்று கேட்டார். சாப்பாடு, நித்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, காலையில் என்ன குடிக்கிறீர்கள் என்றார்.

சிவகௌரி அப்போதுதான் சொன்னாள். வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகத் தானும் தினமும் ஒரு கோப்பை அந்தத் தேத்தண்ணியைக் குடிப்பதாகவும், அது சீன மருந்துதான் என்றும் சொன்னாள். வைத்தியர் சந்தோஷப்படுவார் என்று அவள் நினைத்திருந்தாள். லியாங் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார்.

மறுநாள் அவள் கொண்டுபோன பெட்டியை அவர் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். முன்பக்கம் அழகைப் பற்றியும் இளமையைப் பற்றியும் எழுதியிருக்கிறது என்றார். பின்பக்கம் நிலாவரை இலையின் பெயர் இருந்தது. பேதிக்குக் கொடுப்பது, இரண்டு மூன்று நாளுக்கு மேல் குடிக்கக் கூடாதது. மற்றப் பெயர்கள் இரண்டும் வெறும் வாசனைச் சரக்கு. ஆனால் நிலாவரை மட்டும் நாடியை இப்படி ஓடவைக்காது, எழுதாத ஏதோவொன்றும் கலந்திருக்கலாம், சோதிக்காமல் தன்னால் சொல்ல முடியாது என்றார். இந்த நாட்டில் விற்கும் மருந்துப் பெட்டியில் இருக்க வேண்டிய பதிவு எண் அதில் இல்லை என்பதையும் காட்டினார்.

“அப்படியென்றால் என்னுடைய முகம் இதனால்தான் இப்படி ஆனதா?” என்று சிவகௌரி கேட்டாள். ஓம் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்றுகூட அவளுக்கு இருந்தது.

“அப்படி நான் நினைக்கவில்லை,” என்றார் லியாங். “இது வேறு விஷயம். இதை யார் யாருக்குக் கொடுத்தீர்கள்?”

பதினான்கு பேர். வீட்டுக்கு வந்து தொலைபேசியில் இருந்த பெயர்களைப் பார்த்துத் தாளில் எழுதினாள். பத்மாவுக்கு எடுத்தாள். குடிக்கிற எல்லாரும் நல்லா இருக்கினம், நீங்கள் ஏன் தேவையில்லாமல் பயப்படுறீங்கள் என்று சொன்ன பத்மா, அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. சிவகௌரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். தான் விற்ற தேயிலையைக் குடிக்க வேண்டாம், நெஞ்சு படபடத்தால் டொக்டரிடம் காட்டுங்கள் என்று ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். உதடு சரியாக மூடாததால் சில சொற்கள் காற்றாகப் போயின. சிலர் நன்றி சொன்னார்கள். ஒருத்தி, தான் ஐந்து கிலோ குறைந்திருப்பதாகச் சொல்லி, மிச்சப் பெட்டிகளை எறியாமல் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டாள்.

விமலா அன்ரிக்குக் கடைசியாகத்தான் எடுத்தாள். அன்ரியின் மகள் வினுஷாவுக்கு நவம்பர் கடைசியில் கல்யாணம். மல்கிரேவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் இருபத்தாறு வயதுப் பெண். அலங்காரம் சிவகௌரியினுடையது என்று ஜனவரியிலேயே பேசியாகிவிட்டது. கூறைச் சேலையில் இடுப்புச் சதை தெரியாமல் இருக்க வேண்டும் என்று மார்ச்சில் இருந்து பெட்டி பெட்டியாக வாங்கியவர் விமலா அன்ரிதான்.

“இப்ப வந்து ஏன் சொல்லுறீர்?” என்றார் அன்ரி. பிள்ளை சுகமாக இருக்கிறாள், வேலை அதிகம், கல்யாணப் பதற்றம், வேறு ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார்.

அந்தக் கடைசி வசனம் சிவகௌரிக்குச் சரியாகப் படவில்லை. அரை மணி நேரம் குசினிக்கும் கராஜுக்குமாக நடந்துவிட்டு வினுஷாவுக்கே எடுத்தாள். வினுஷா வழக்கம்போல ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். இரண்டு தரம் அலுவலக லிஃப்டில் தலைசுற்றி விழப் பார்த்தாளாம். நெஞ்சு அடிப்பது தனக்கே கேட்கிறதாம். பதற்றம்தான் என்று நினைத்து, தொலைபேசியில் ஒரு தியானச் செயலியைப் போட்டு, தினமும் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறாள். உடம்பு சொல்வதைக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

“உது மனப்பதற்றம் இல்லை வினுஷா. வெளியில வாங்கோ, நாங்கள் காரோட வாறம்.”

சரியாக மூடாத கண்ணோடு சிவகௌரியால் கார் ஓட்ட முடியாது. பிரஷாந்தன் வேலைக்குப் பிந்தி வருவதாக அறிவித்துவிட்டு இருவரையும் கிளேட்டனில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். சிவகௌரி பச்சைப் பெட்டியைத் தாதியின் மேசையில் வைத்து, இதைத்தான் இந்தப் பிள்ளை ஐந்து மாதமாகக் குடிக்கிறாள், விற்றது நான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தாதி அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள். ஒரு மணி நேரத்துக்குள் இரத்தச் சோதனை வந்தது. பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது. இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை. வினுஷாவை உள்ளே எடுத்துச் சேலைன் ஏற்றினார்கள். இன்னும் சில நாட்கள் விட்டிருந்தால் இதயம் நின்றிருக்கக்கூடும் என்றார் டொக்டர்.

விமலா அன்ரி ஓடிவந்தபோது சிவகௌரி ஆஸ்பத்திரி நடைகூடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது. வலது பக்கம் சுருங்கி மேலே ஏறியது, இடது பக்கம் அப்படியே கிடந்தது. அன்ரி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ர பிள்ளை அங்க கிடக்கிறாள். நீர் சிரிக்கிறீரோ?”

பிரஷாந்தன், இல்லை அன்ரி, அவளுக்கு முகம் அப்படி என்று சொல்லப் பார்த்தான். சிவகௌரி கையைப் பிடித்து அவனை நிறுத்தினாள். கோபப்பட அவருக்குக் காரணம் இருக்கிறது, அதற்குள் தன் நரம்பைப் பற்றி விளக்கம் சொல்வது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு வெளியே போய் காருக்குள் இருந்தாள். அடிவயிற்றில் கையை வைத்தாள். அங்கே ஒரு கல் இருப்பது போல இருந்தது. அதை அசைக்க அவள் முயலவில்லை. இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் வினுஷா வீட்டுக்கு வந்துவிட்டாள். அலங்காரத்துக்கு வேறு ஆளைப் பிடித்துவிட்டதாக விமலா அன்ரியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. செய்தி ஊருக்குள் பரவியது. கராஜில் வேலை பாதியாகக் குறைந்தது. சிவகௌரி மிச்சப் பெட்டிகளை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பி, பத்மாவின் முகவரியையும் தன்னுடைய பெயரையும் மறைக்காமல் எழுதினாள். தங்களுக்கு விசாவில் பிரச்சினை வருமோ என்று பிரஷாந்தன் பயந்தான். வரவில்லை. எச்சரித்து ஒரு கடிதம் மட்டும் வந்தது. சோதனையில் தடைசெய்யப்பட்ட ஒரு மாத்திரையின் தூள் அந்தத் தேயிலையில் கலந்திருந்தது தெரிந்தது. சுவரோரத் தட்டில் இருந்த கிறீம்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் வாசித்தாள். சந்தேகமானவற்றை எறிந்தபின் கொஞ்சம்தான் மிஞ்சியது.

லியாங்கிடம் போவதை அவள் விடவில்லை. செப்டம்பரில் இடது புருவம் அசைந்தது. அக்டோபரில் கண் மூடியது, நாடா தேவைப்படவில்லை. நவம்பரில் பெரும்பாலும் சரி என்று சொல்லலாம், ஆனால் சிரிக்கும்போது இடது கண் தானாகச் சிறுத்தது. தொடக்கத்தில் இழுத்த இழுவையினாலா என்று கேட்டாள். இருக்கலாம், இழுக்காமல் விட்டிருந்தாலும் இப்படி வந்திருக்கலாம் என்றார் லியாங். அவர் எதையும் உறுதியாகச் சொல்லாதது முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அவரிடம் அவள் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வினுஷாவின் கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. சிவகௌரிக்கு அழைப்பு இல்லை. படங்களை வேறு யாரோ அனுப்பினார்கள். கூறை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பெண் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியவள் போல இருந்தாள்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் விமலா அன்ரியைச் சந்தித்தாள். விலகிப் போக இருவருக்கும் இடம் இருந்தது. அன்ரி தள்ளுவண்டியை நிறுத்தினார். முகம் சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஓம் அன்ரி, கொஞ்சம் மிச்சம் இருக்கு என்றாள். பிள்ளை எப்படி என்று கேட்டாள். சுகம், புருசனோடு பிரிஸ்பேன் போய்விட்டாள் என்றார்.

பிறகு அன்ரி தள்ளுவண்டிக்குள் இருந்த அரிசிப் பையைப் பார்த்தபடி சொன்னார்: “அவள் வேண்டாம் எண்டவள். ஒவ்வொரு விடியவும் நான்தான் ஊத்திக் குடுத்தனான்.”

நான் வித்தனான், நீங்கள் குடுத்தனீங்கள் என்று சிவகௌரி சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டும் சமமான பிழை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அரிசிப் பையைத் தூக்கிக் காரின் பின்னால் வைத்தாள். அன்ரி எண்ணெய்ப் போத்தல்களை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது தனக்கு நித்திரை வருவதில்லை என்றார் அன்ரி. கல்யாணம் முடிந்தால் வரும் என்று இருந்தாராம், வரவில்லை. அந்தச் சீன வைத்தியர் நித்திரைக்கும் பார்ப்பாரா என்று கேட்டார்.

“பார்ப்பா. ஆனா முதல்ல உங்கட டொக்டரிட்டக் காட்டுங்கோ அன்ரி. என்ன குளிசை, மருந்து எடுக்கிறீங்கள் எண்டு லியாங் கேட்டா எல்லாத்தையும் சொல்லுங்கோ.”

அன்ரி கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்று அதை அவளிடம் நீட்டினார். சிவகௌரி லியாங்கின் பெயரையும் இலக்கத்தையும் பதிந்து திருப்பிக் கொடுத்தாள்.