அரைக்கட்டை உயரம்

சீட்டி அடித்தால் பாராட்டு என்று நினைப்பவர்கள் எங்கள் ஊர் ஓபரா அரங்கில் பாட வரவே கூடாது. கசல்மோராவில் சீட்டி என்றால் 'இறங்கு, வீட்டைப் பார்த்துப் போ' என்று அர்த்தம். அதை அடிக்கிற மகராசன்கள் கூரைக்கு அடியில் உச்சி மாடத்தில், இருப்பதிலேயே மலிவான இருக்கைகளில், முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பல் வைத்தியர், பஸ் டிரைவர், பன்றி இறைச்சிக் கடை பிரீமோ. பாட்டெல்லாம் தங்கள் வீட்டுச் சொத்து என்று நினைப்பு அவர்களுக்கு.

மூன்று வருடத்துக்கு முன் என் தங்கை டெல்பீனாவுக்கு அந்தச் சீட்டி கிடைத்தது. நல்ல குரல், பெரிய பாகம், சொந்த ஊர். இரண்டாம் அங்கத்தில் ஒரு மேல் ஸ்வரம் உடைந்தது. முதல் சீட்டி பிரீமோவுடையது, பிறகு மாடம் முழுக்க. அவள் பாதிப் பாட்டில் வாயை மூடிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, வேஷத்தோடு சதுக்கத்தைக் கடந்து, என் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். கிரீடத்தைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, தண்ணி குடு," என்றாள். அதற்குப் பிறகு எந்த மேடையும் ஏறவில்லை, குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பதோடு சரி. நானும் பிரீமோ கடைப் படியை மிதிப்பதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற அட்டை மாதிரியான சலாமி இறைச்சியைத் தின்று என் கோபத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ருஜ்ஜேரோ வந்து சேர்ந்தான். தலையில் ஒரு பக்கம் மட்டும் வழித்துக்கொண்ட இசையமைப்பாளன். 'உப்பு அரசி' என்று முந்நூறு வருடத்துக்கு முந்தைய பரோக் காலத்து ஓபரா ஒன்று அவன் கையில் சிக்கியிருந்தது. எழுதியவர் பெயர் தெரியாது. முதல் அங்கமும் கடைசி அங்கமும் இருந்தன, நடுவே உள்ளதெல்லாம் தொலைந்துவிட்டது. மற்றவர்களாக இருந்தால் பழைய பாணியிலேயே எதையாவது எழுதி ஒட்டியிருப்பார்கள். இவன் அந்தப் பள்ளத்தை எலெக்ட்ரிக் கிதாராலும் சாக்ஸபோனாலும் ஆற்றில் மணல் வாருகிற இயந்திரத்தின் சத்தத்தாலும் நிரப்பினான். கேட்டபோது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் உச்சி மாடம் கிதாரைக் கண்டால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா?

அரசியாக டெல்பீனாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நான் ஹார்ப்சிகார்டு வாசிக்கிறவள், பியானோவுக்கு முன்னோடியான தந்தி வாத்தியம் அது. "அக்கா ஹார்ப்சிகார்டுல உக்காந்தா நான் வரேன்." அதற்குக் காரணம் கடைசி அங்கத்தின் தொடக்கம். கடல் கொண்டுபோன கணவனைக் கேட்டு அரசி தனியாக அழுது பாடுகிற நீண்ட பாட்டு அது. வாத்தியம் எதுவும் கிடையாது. பாட்டுக்கு முன்னால் நான் ஒரே ஒரு தடவை சுருதி கொடுப்பேன். அதைப் பிடித்துக்கொண்டு அவள் கடைசிவரை தனியாகப் பாடவேண்டும். முடிக்கிற இடத்தில் வாத்தியங்கள் வந்து சேரும். நடுவே இம்மி பிசகியிருந்தாலும் அந்த நொடியில் ஊருக்கே தெரிந்துவிடும். இன்னொரு தடவை சீட்டி வாங்கினால் அவள் வாழ்நாளில் வாயைத் திறக்கமாட்டாள். அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

மேடைக்கு முன்னால் உள்ள வாத்தியக் குழியில் இரண்டு கோஷ்டி. இடப்பக்கம் பரோக் கோஷ்டி, குடல் நரம்பு கட்டிய வயலின்கள், அந்தக் காலத்துச் சுருதி. வலப்பக்கம் கிதார் கோஷ்டி, இந்தக் காலத்துச் சுருதி. அது அரைக்கட்டை உயரம். இரண்டுக்கும் நடுவே, இரண்டு பேருக்கும் வாழ்க்கைப்பட்டவளாக நான். என் ஹார்ப்சிகார்டில் விசைகளையெல்லாம் ஒரே பலகையாக ஒரு தந்தி தூரம் நகர்த்தலாம். வலப்பக்கம் தள்ளினால் அரைக்கட்டை ஏறும், இடப்பக்கம் இழுத்தால் இறங்கும். நகர்த்திய பிறகு விழுகிற இடைவெளியில் ஒரு மரத்துண்டைச் செருகிவிட வேண்டும், ஆடாமல் நிற்கும். ஒரு கோஷ்டி வாசித்துக்கொண்டிருக்கும்போதே நான் அடுத்த கோஷ்டிக்கு மாறிவிடுவேன்.

ஒத்திகையில் எல்லாருக்கும் காது பழுதானது. காலையில் அந்தச் சுருதி, மதியம் இந்தச் சுருதி, சாயங்காலம் இரண்டும் மாறி மாறி. எது எதுவென்றே தெரியாமல் போயிற்று. எதிர்க்கடை காபி மெஷின் எந்தச் சுருதியில் உறுமுகிறது என்று நாங்கள் சண்டை போட்டதைப் பார்த்துக் கடைக்காரர் மிரண்டுபோனார். கடைசியில் நான் காதை நம்புவதை விட்டுவிட்டேன். மரத்துண்டு வலப்பக்கம் இருந்தால் பழைய சுருதி, இடப்பக்கம் இருந்தால் புதுசு. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

இதற்கு நடுவே அரசிக்கு ஊதா நிறத்தில் அங்கி தைத்துக் கொண்டுவந்தான் ருஜ்ஜேரோ. மேடையில் ஊதாவா? எங்கள் ஊர் அரங்குகளில் ஊதா என்றால் அபசகுனம். திரை இழுப்பவர்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்கள். பிறகு பச்சையில் தைத்தார்கள். ஆனாலும் ஊதா உள்ளே வந்தது வந்ததுதானே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம். அரங்கு நிறைந்துவிட்டது. முதல் அங்கம் ஒழுங்காகப் போயிற்று. நடு அங்கத்தில் கிதார் ஆரம்பித்ததும் மேலே ஒருவன் பூனை மாதிரி கத்தினான், பத்து பேர் சிரித்தார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எதையோ சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பட்டது.

இடைவேளையில் ஒப்பனை அறைக்கு ஓடினேன். டெல்பீனா தரையில், சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். வாந்தி எடுத்து முடித்திருந்தாள். கையைத் தொட்டேன், ஐஸ்.

"காது அடைச்சிடுச்சு அக்கா. என் குரல் எனக்கே கேக்கலை."

"பிரமைடி. எழுந்திரு."

"பிரீமோ மேல கனைச்சான். கேட்டுச்சு."

மற்றவன் கனைப்பது கேட்கிற காதுக்குத் தன் குரல் மட்டும் கேட்காதா என்று திட்டினேன். கெஞ்சினேன். கன்னத்தைத் தேய்த்துவிட்டேன். ஆனால் என் குரலே நடுங்கியது, அது அவளுக்கும் கேட்டிருக்கும். மணி அடித்தது. அவள் அசையவில்லை. இரண்டாம் மணியும் அடித்தது. "நான் கீழதான் இருக்கேன். நான் குடுக்கிற சுருதியைப் பிடிச்சுக்கோ. வேற எதையும் கேக்காதே," என்றேன். அவள் எழுந்தாள். நான் படிகளில் உருளாத குறையாக இறங்கி ஓடினேன்.

நான் மேலே இருந்த நேரத்தில் சுருதி கூட்டுகிற எலியோ என் வாத்தியத்தைத் திறந்திருந்தான். மேடை விளக்கின் சூட்டில் தந்திகள் இளகிவிடும், அதனால் இடைவேளையில் சரிபார்ப்பது அவன் வேலை. ஓரத்துத் தந்தியைப் பார்க்க விசைப்பலகையை வலப்பக்கம் தள்ளி மரத்துண்டைச் செருகியிருக்கிறான். தள்ளினவன் திருப்பி இழுக்கவில்லை. சிகரெட் பிடிக்கப் போய்விட்டான், கட்டையில போறவன்.

நான் உட்காரும்போதே விளக்கு அணைந்துவிட்டது. திரை விலகி டெல்பீனா மேடை நடுவில் நின்றாள். கோஷ்டியை நடத்துகிற ருஜ்ஜேரோ என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நான் மரத்துண்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தேன், சுருதியைக் கொடுத்தேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

கையை எடுத்து மடியில் வைக்கக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. மரத்துண்டு இடப்பக்கம் இருந்தது.

நான் கொடுத்தது புதுச் சுருதி. அரைக்கட்டை உயரத்தில் அவள் தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறாள். முடிக்கும்போது பரோக் கோஷ்டி பழைய சுருதியில் வந்து மோதும். வாத்தியம் தவறு என்று எவனும் சொல்லமாட்டான். பாடினவள்தான் பிசகினாள் என்பார்கள். என்னை நம்பி வந்தவளை நானே கொண்டுபோய்ப் பிரீமோ வாயில் போட்டுவிட்டேன்.

பக்கத்தில் இருந்த செல்லோக்காரியின் முழங்கையைத் தொட்டு மரத்துண்டைக் காட்டினேன். அவள் முகம் வெளுத்தது. அவள் அடுத்தவனிடம், அவன் அடுத்தவளிடம், கண்ணாலேயே செய்தி வரிசை முழுக்கப் போயிற்று. முதல் வயலின்காரி தலையை இல்லை என்று ஆட்டினாள். குடல் நரம்பை அரைக்கட்டை ஏற்றினால் அறுந்துவிடும். ஏற்றுகிற சத்தமோ கடைசி வரிசைவரை கேட்கும். ருஜ்ஜேரோ கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப்போய் நின்றான், பாவி. நானே இப்போது சரியான சுருதியைத் தொட்டுக் காட்டலாமா? காட்டினால், அவள் தவறிவிட்டாள் என்று தண்டோரா போட்டதாகிவிடும்.

எனக்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான். மரத்துண்டை உருவி, விசைப்பலகையை மெல்ல இடப்பக்கம் இழுத்தேன். கிறீச் என்று சத்தம் வந்தது. உயிரே போய்விட்டது. உச்சி மாடத்தில் யாரோ கனைத்தார்கள். பிரீமோதான். அந்தக் கனைப்பு எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

டெல்பீனா 'கடலே, அவனை என்ன செய்தாய்' என்கிற வரிக்கு வந்திருந்தாள். பாட்டிலேயே உயரமான ஸ்வரம் அங்கேதான். அதைத் தொட்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. நிறுத்திவிட்டாள்.

இசைப் பிரதியில் அங்கே நிறுத்தம் கிடையாது. அரங்கில் ஒரு சத்தம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பும் சரியாக இப்படித்தான் நிறுத்தினாள். எழுந்து மேடைக்கு ஓடி அவளை அழைத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவள் குழிக்குள் குனிந்து என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, தெரியாது. ஒரு நிமிஷம்கூட இருக்காது, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அதே வரியைத் திரும்ப எடுத்தாள். 'கடலே' என்று ஆரம்பித்து, அந்த ஒரே மூச்சில், கிணற்றில் வாளியை இறக்குகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைக் கீழே விட்டாள். வழுக்கி விழவில்லை, பிடியோடு இறக்கினாள். எவ்வளவு இறக்கினாள்? அரைக்கட்டையா, அதற்குக் கூடவா, குறைவா? என் காது எனக்கு உதவவில்லை. செல்லோக்காரியைப் பார்த்தேன், அவளுக்கும் தெரியவில்லை. பாட்டு முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ருஜ்ஜேரோ கண்ணைத் திறந்து கோஷ்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினான். வில்லெல்லாம் தந்திமேல் இறங்கின. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசித்தேன்.

சேர்ந்தது. எங்கள் சுருதியும் அவள் குரலும் ஒன்றாகவே இருந்தன. முதல் வயலின்காரி வாசித்துக்கொண்டே அழுதாள்.

திரை விழுந்த பிறகு மேலேயிருந்து ஒருவன் கிதாரைப் பற்றி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். ஆனால் சீட்டி இல்லை. கைதட்டல்தான், அதுவும் மாடத்தில்தான் அதிகம்.

ஒப்பனை அறைக்குப் போனபோது ருஜ்ஜேரோ அங்கே குதித்துக்கொண்டிருந்தான். அந்த நிறுத்தமும் இறக்கமும் அவளாகவே அந்த நேரத்தில் கற்பனை செய்தது என்று நினைத்து, அப்படியே எழுதிச் சேர்க்கப்போகிறேன் என்றான். அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். டெல்பீனா கண்ணாடி முன்னால் பொய் முடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"டெல்பீனா, அந்த எலியோ..."

"தெரியும். அந்த ஸ்வரத்தோட அதிர்வு எப்பவும் எனக்குக் கண்ணுக்குப் பின்னாடி நிக்கும். இன்னைக்கு நெத்திக்கு ஏறிடுச்சு. அப்பவே புரிஞ்சுது, அரைக்கட்டை ஏறியிருக்குன்னு."

"அப்ப காது?"

"திறந்துடுச்சு. பாட ஆரம்பிச்சதுமே திறந்துடுச்சு."

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. செத்துப் பிழைத்தேன் என்றேன், உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். அவள் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"நின்னப்போ பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் கீழ உன்னைப் பாத்தேன். மூணு வருஷமா நீ என்னை அப்படித்தான் பாத்துக்கிட்டு இருக்கே அக்கா. சாப்பிடும்போதும், குழந்தைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கும்போதும், இப்பவோ அப்பவோ உடையப்போறேன்ங்கற மாதிரி. அந்த மூஞ்சியைப் பாத்துப் பாத்து, உடைஞ்சதாவே நானும் நம்பிட்டேன்."

அவள் எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். பச்சை அங்கி முழுக்க வியர்வை நாற்றம்.

"செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு எனக்கு சுருதி குடுக்காதே," என்றாள்.

"எங்கேர்ந்துடி எடுப்பே?"

"எங்கிட்ட இருக்கு."

ருஜ்ஜேரோ ஒத்துக்கொண்டான், அவன் எதற்குத்தான் ஒத்துக்கொள்ளமாட்டான். செவ்வாய்க்கிழமை கடைசி அங்கத்துக்குத் திரை விலகியது. ஞாயிற்றுக்கிழமையைவிட எனக்கு அதிகப் பயம். அவள் இருட்டில் நின்றுகொண்டு ஆரம்பிக்காமல் இருந்தாள். உச்சி மாடம் மூச்சு விடவில்லை. ஒரே ஒரு விசை, விரல் நுனியால், யாருக்கும் கேட்காமல் ஒரே ஒரு தடவை தொட்டுக் கொடுத்துவிடலாமே என்று என் கை தானாக எழுந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.