பன்னிரண்டு கட்டியில் அத்தையின் பங்கு

"மன்னிப்பா? நானா?" அத்தை வீட்டு வாசலில் நின்ற வேனைவிட்டு இறங்க மறுத்தாள் கலோலைனி.

பின்சீட்டில் கீற்றுக் கூடைக்குள், அத்தைக்குக் காணிக்கையாக, முழுதாகச் சுட்ட பன்றி. அம்மா லேசியேலியின் மடியில் பாய்ச்சுருள்.

"உன் கல்யாணத்தன்னைக்கு அத்தை எடுத்த பாயைப் பிடுங்கினியே, மறந்துட்டியா? அப்பாவோட அக்கா மனசு நொந்தா வயித்துல புள்ள தங்காதுடி. நம்ம தொங்காத் தீவுல இது யாருக்குத் தெரியாது?"

"டாக்டர் சொன்னது உனக்குக் கேக்கலையா? சினைப்பையில நீர்க்கட்டி. அதான் மாசாமாசம் ஒழுங்கா வரல, தாடையில முடி முளைக்குது. மருந்து சாப்பிட்டா கரு தங்க வழியிருக்கு, நாளாகலாம்னு சொன்னார்."

"மருந்தையும் சாப்பிடு, மன்னிப்பும் கேளு. ரெண்டுல ஒண்ணு பலிக்கும்."

"அதான்ம்மா வம்பு. பலிச்சா பேரு அத்தைக்குப் போயிடும்."

ஆனாலும் இறங்கினாள். நான்கு நாளாக அவளுக்குத் தூக்கமில்லை. குழந்தை வேண்டும், ரொம்பவே வேண்டும். அந்த ஆசையைப் பிடித்துத்தான் எல்லோரும் அவளைக் குனியவைக்கப் பார்த்தார்கள்.

அத்தை அத்தேலைதே கூடத்தின் நடுவே விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா வாசலிலேயே தரையில் உட்கார்ந்து தலை குனிந்தாள்.

"ரெண்டு வருஷமாச்சு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் அத்தை.

"சின்னப் பொண்ணுக்கா. தெரியாம..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

கலோலைனி பையிலிருந்து ஸ்கேன் படத்தை எடுத்து அத்தை முன்னால் வைத்தாள்.

"எண்ணிப் பார்த்தேன் அத்தை. ஒரு பக்கம் மட்டும் பன்னெண்டு கட்டி. இதுல நீங்க வச்சது எது?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஈயம் பூசின தட்டு மாதிரி இருக்கு, ஒண்ணும் புரியல. நான் சாபமே விடலடி. ஊர் பயந்துச்சு. நானும் பயப்பட வேணாம்னு சொல்லல."

"அப்ப நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? அந்தப் பாய் எங்கம்மா ஒம்பது மாசம் முடைஞ்சது."

"அத்தைக்கு மொதப் பங்குங்கிறது முறை."

"பாயில இருக்கட்டும். என் வயித்துல கிடையாது."

விசிறி நின்றது. "சரி, வா. நீ கேக்காட்டியும் மன்னிச்சிடறேன்." ஆசி வழங்க அத்தை கையை நீட்டினாள். கலோலைனி தலையை நகர்த்திக்கொண்டாள்.

"வேண்டாம் அத்தை. நாளைக்குப் புள்ள பொறந்தா, உங்க கை பட்டுத்தான்னு சொல்லுவாங்க."

"பொறக்கலேன்னா? திமிர் புடிச்சவ, அதான் இப்படின்னு ஊரே உன்னைச் சொல்லும்டி!"

அந்தப் பயம்தான் நான்கு நாளாக அவளைத் தூங்கவிடாமல் செய்தது. சத்தமாகக் கேட்டதும் கொஞ்சம் சிறுத்துப்போனது போலிருந்தது.

"சொல்லட்டும். பொறந்தாலும் என்னைத்தான் சொல்லணும்."

அத்தை உட்கார்ந்திருக்கும்போது குனிந்தபடிதான் வெளியேற வேண்டும் என்பது முறை. கலோலைனி எழுந்து நிமிர்ந்தே நடந்தாள்.