இறங்கி நின்றவன்

விடிவதற்குள் நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டேன். பட்டையில் கத்தி ஓட, பால் கோப்பையில் சொட்டியது. கொசு பிடுங்கியது. அடுத்த நிரை சின்னையாவுடையது. அந்த மரங்கள் வெட்டுப்படாமல் நின்றன. அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்ய முயன்றேன், முடியவில்லை.

நேற்று மாலை கிள்ளான் பட்டணத்திலிருந்து நானும் அவனும் சைக்கிளில் தோட்டத்துக்குத் திரும்பினோம். எதிரே தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் கார். துரையைக் கண்டால் தொழிலாளி இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அது தோட்டத்து வழக்கம். இனி எவனும் இறங்கக் கூடாது என்று மூன்று வாரமாகச் சங்கத்தில் முழங்கியவன் நான்.

சின்னையா மிதித்துக்கொண்டே போனான். நான் இறங்கி நின்றேன். தலைத்துண்டுகூடக் கைக்கு வந்துவிட்டது. யோசித்துச் செய்யவில்லை. இருபது வருடம் இறங்கிப் பழகிய கால்.

துரை என்னைப் பார்த்து, "நல்ல ஆள்" என்றார். சின்னையாவிடம், "உனக்கு இனி வேலை இல்லை. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணு" என்றார்.

பத்து மணிக்குப் பால் வாளிகளோடு, பால் நிறுக்கும் கொட்டகைக்கு வந்தேன். சின்னையாவின் மனைவி வீரம்மா அழுது முகம் வீங்கி நின்றிருந்தாள்.

"நீங்களும் எறங்கலையாமே, அண்ணே? அவரு சொன்னாரு. பேசற ஆளுன்னா தொரைக்கும் பயம்தான் போல, உங்கள நிறுத்தலையே."

சுற்றி நின்றவர்கள் பெருமையோடு என்னைப் பார்த்தார்கள். சின்னையா என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். வாயை மூடிக்கொண்டால் போதும், நான் தலைவனாகவே இருக்கலாம்.

"எறங்குனேன் வீரம்மா. துண்டையும் எடுத்தேன்."

பால் வாளியோடு நின்ற கன்னையா காறித் துப்பினான். "கூட்டத்துல என்னா சத்தம் போட்டே. ரோட்டுல மட்டும் பூனையாயிட்டியா?" பிறகு தன் வாளியைத் தரையில் வைத்தான். "நானா இருந்தாலும் எறங்கித்தான் இருப்பேன். அதுதான் வயித்தெரிச்சலா இருக்கு."

வீரம்மா தன் வாளியை இறக்கி, பாலை ஊற்றாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து நின்ற லெட்சுமியும் உட்கார்ந்தாள். பிறகு வரிசை முழுவதும்.

துரை காரில் வந்து இறங்கினார். "என்னா இது? பால் உறைஞ்சு போகும். தொட்டியில ஊத்து."

நான் வாயைத் திறந்தேன். "நீங்க சும்மா இருங்க, இன்னைக்கு நான் பேசிக்கறேன்" என்றாள் வீரம்மா. "எம் புருசனுக்கு வேலையும் வீடும் திரும்ப வரட்டும், தொரை. அப்பறம் ஊத்தறோம்."

"உன்னையும் நிறுத்திடுவேன்."

"அப்ப என்னையும் நிறுத்துங்க" என்றான் கன்னையா.

"என்னையும்" என்றாள் லெட்சுமி.

குரல்கள் வரிசையாக வந்தன. வெயிலில் வாளிப் பால் திரளத் தொடங்கியது. துரை காரில் ஏறாமல் வாளிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னையும்" என்றேன், எல்லோருக்கும் கடைசியாக.

வீரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, நான் உட்கார இடம் விட்டாள்.